டச்சப் அக்காவின் கடல்

அந்தக் கடைத்தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குவார்கள். டச்சப் அக்கா என்று கேட்டால் போதும், கை தானாக நீளும். மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் சிரித்த முகங்கள் அடுக்கி வைத்திருக்கும் ஸ்டுடியோ. முன்னறையில் விளக்கு, குடை, ஸ்டூல், அவள் கணவர். பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அவள். பின்னறையை அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அலமாரிக்குக் கதவு வைக்க மறந்துபோன மாதிரி இருக்கும்.

வேலை இரண்டு பேருக்கும் சரிபாதி. கொம்பை விழுங்கினது போல உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவர் படம் எடுப்பார். எடுத்ததை அவள் மனிதர்களாக்குவாள். பருவை எடுப்பது, கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பை வெளுப்பது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்ட காலரை அமுக்குவது, காற்றில் பறந்த முடியைப் படிய வாருவது. இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அவள் கைக்கு மனப்பாடம். பஸ் நிறுத்தத்தில் யாராவது தெரிந்தவர் எதிரே வந்து நின்று பேசினால், பேச்சு காதில் விழாது. அவள் ஆள்காட்டி விரல் மட்டும் மௌஸைத் தட்டுவதுபோல லேசாகத் துடிக்கும்.

அவள் இந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததே ஒரு சண்டையோடுதான். கல்யாணத்துக்கு முன்பு, ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போடப் படம் எடுக்க வந்தாள். வாங்கிப் பார்த்துவிட்டு, என் இடது கண் இவ்வளவு சின்னது இல்லை என்று மேஜைமேல் திருப்பி வைத்தாள். அவர், கேமரா பொய் சொல்லாது என்றார். கேமரா சொல்லாது, விளக்கை வைத்தவர் சொல்வார் என்றாள் இவள். பேச்சு வளர்ந்து, கடைசியில் பின்னறைக்குள் புகுந்து தன் கண்ணைத் தானே சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்த வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் கல்யாணமும் ஆனது. அவர்களுடைய மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கண் மக்கர் பண்ணும் வரைக்கும். சாயங்காலம் ஆனால் திரையில் ஒரு அம்புக்குறி இரண்டாகத் தெரிந்தது. ஒரு நாள், நல்ல கம்பீரமான ஒரு மனிதருக்கு மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் அழித்து அனுப்பிவிட்டாள். அவர் படத்தை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார். அன்றைக்கே கணவர் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கறாரான அம்மாள். விதவிதமாக விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் அதற்குத் தூரம் மறந்துபோய்விட்டது என்றார். மருந்து எழுதவில்லை.

"தினமும் காலையில கொஞ்ச நேரம் தூரத்தைப் பாருங்க. எதிர் வீட்டுச் சுவரை இல்ல. சுவரே இல்லாத தூரத்தை."

சுவர் இல்லாத தூரம் அந்த ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு. ஸ்டுடியோவிலிருந்து பத்து நிமிஷ நடையில் கடல். ஆனால் அவள் கடலைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. மகள் சின்னவளாக இருந்தபோது போனதுண்டு. அப்போதும் தண்ணீருக்குள் ஓடும் மகளைப் பிடித்து இழுக்கவே நேரம் சரியாக இருந்தது. கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், ஈரமாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பாள்.

கடை திறப்பதற்கு முன்னால் போய் அலைத்தடுப்புச் சுவரில் உட்கார ஆரம்பித்தாள். முதல் சில நாள் பொழுதே போகவில்லை. மருந்து குடிப்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்தாள். பழக்க தோஷம் விடுமா? அந்தத் துருப்பிடித்த படகை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும், இந்த மேகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளலாம், தொடுவானம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறதே என்று கை பரபரத்தது. கடலுக்கே டச்சப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் காலை. வெயில் அப்போதுதான் தண்ணீர்மேல் படுக்கைவாக்கில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு அலை எழுந்து வருகிறது. அதன் முதுகில் இன்னொரு சின்ன அலை. அந்தச் சின்னதன் முதுகில் சீப்பால் வாரினதுபோல மெல்லிய கோடுகள். கோடுகளுக்கு மேலேயும் ஏதோ இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு எட்டவில்லை. அவள் தன்னையறியாமல் கையை நீட்டி, திரையில் படத்தைப் பெரிதாக்குவதுபோல இரண்டு விரலையும் விரித்தாள். கடல் பெரிதாகவில்லை. நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அலமாரியின் அடித்தட்டில் துண்டில் சுற்றிக் கிடந்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். கணவரிடம் சொல்லவில்லை. ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் இத்தனை வருஷம் அவர் எடுக்க, இவள் துடைக்க என்று பழகிப்போன வீட்டில், நானும் எடுக்கப் போகிறேன் என்று சொல்ல ஒரு கூச்சம்.

முதல் படங்கள் சகிக்கவில்லை. ஸ்டுடியோவில் முகத்துக்கு வைக்கும் அளவை அப்படியே வைத்து எடுத்ததில் தண்ணீர் சாம்பல் பூசின சுவராக வந்தது. ஷட்டர் திறந்து மூடும் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். அலை கண்ணாடிச் சில்லாக உறைந்து நின்றது. குறைத்துப் பார்த்தாள். புகையாகக் கலைந்தது. இரண்டுக்கும் நடுவில், அலை ஓடுவதும் தெரிய வேண்டும், அதன் கோடும் தெரிய வேண்டும். அந்த நடு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ஒரு மாதிரி பிடித்துவிட்டாள். பிடித்ததைப் பின்னறையில் திரையில் போட்டுப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பு. துணியை விசிறி மடிப்பாகத் தைத்து இழுத்துவிட்டதுபோல ஓரிடம். மரப்பலகையின் ரேகைபோல ஓரிடம். அவள் இருபது வருஷமாக மனிதத் தோலைத்தான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதே எதை எடுக்கலாம் என்றுதான் கண் தேடும். இங்கே தேடிப் பார்த்தாள். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கோட்டை எடுத்தால் பக்கத்துக் கோடு எதற்காக அப்படிப் போகிறது என்பதே புரியாமல் போய்விடும். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது.

கணவர் எட்டிப் பார்த்தபோது அவள் மூக்கு திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"டாக்டர் தூரத்தைப் பாருன்னு சொன்னாங்க. நீ தூரத்தைக் கையோட கொண்டு வந்து பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது முதல் வேலையாக இதைப் போட்டுக் கொடுத்தார். டாக்டர் படங்களைக் காட்டச் சொன்னார். ஒன்றொன்றாகப் பார்த்தார். வெளியே அடுத்த நோயாளி இருமிக் காட்டும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் திட்டத்தான் செய்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். கடலுக்குப் போனதும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. முதலில் வெறும் கண்ணால் போதும் போதும் என்கிற வரைக்கும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்காகச் சொன்னது. ஆனால் படத்துக்கும் அதுதான் நல்லதாகப் போயிற்று. வெறும் கையோடு பார்த்தபோதுதான் கடலின் நடைமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அலை வரும்போது எல்லாரும் பார்ப்பார்கள். அது திரும்பிப் போகும்போதுதான் வேலை நடக்கிறது. நுரை வடிந்த ஈரமணலில் பின்னலும் வலையுமாக, கோலம் போட்டே பழகாத கை ஒன்று இஷ்டத்துக்கு இழுத்துப் பார்ப்பதுபோல் ஏதேதோ வரும். அடுத்த அலை வந்து ஒரே துடைப்பில் துடைத்துவிடும். அவள் ஒரு முகத்தைத் துடைக்க அரை மணி எடுத்துக்கொள்கிறவள். அந்த வேகத்தைக் கண்டு அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கடலில் பார்த்த கோடு பிறகு வீட்டுக்கும் பின்னாலேயே வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையின் மரத்தில் அலை. ஊருக்குப் பின்னால் படுத்திருக்கும் மலையின் மடிப்புகளில் அலை. போர்வையை உதறி விரிக்கும்போது அலை. ஒரு நாள் கணவர் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை உதறுங்க, இன்னொரு தடவை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் செருப்புச் சண்டை வந்தது.

அவள் எடுத்ததிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று. அலை வடிந்த மணல். மேலிருந்து கீழாக நூல் நூலாகத் தண்ணீர் இறங்கிய தடம். நடுவில் அந்தத் தடங்கள் இரண்டாகப் பிரிந்து, விசிறியை விரித்ததுபோல அகன்று இறங்குகின்றன. பிரியும் இடத்தில், மணலில் பாதி புதைந்து, யாருடையதோ ஒரு பிய்ந்த நீலச் செருப்பு.

கணவர் அவளுக்குத் தெரியாமல் அதைப் பெரிதாக அச்சுப் போட்டு, சட்டமும் அடித்து, முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக வைத்தார். காலையில் அவள் வரும்போது பார்க்கட்டும் என்று ஒன்றுமே நடக்காததுபோல விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்தாள். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவருக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

"செருப்பு எங்க?" என்றாள்.

"எந்தச் செருப்பு?"

"என் படத்துல இருந்த செருப்பு."

அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருந்தார். இவ்வளவு அழகான படத்தில் பிய்ந்த செருப்பு எதற்கு என்று, இருபது வருஷமாக அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டபடியே, பக்கத்து மணலை எடுத்து அதன்மேல் பூசியிருந்தார். மணலையும் கொஞ்சம் பொன்னாக்கியிருந்தார்.

"அந்தச் செருப்பு இல்லாம தண்ணி ஏங்க வளையணும்? அது கிடந்ததாலதான் ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. இப்ப பாருங்க, சும்மா போன தண்ணிக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு."

அவர், ஊரில் இருக்கிறவர்களுடைய மச்சத்தை எல்லாம் எடுக்கிறவள் ஒரு செருப்புக்கு இந்தக் குதி குதிக்கிறாயே என்றார். சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்குச் சுருக்கென்றது. நேராகப் பின்னறைக்குள் போய்விட்டாள்.

மூன்று நாளோ நாலு நாளோ, இரண்டு பேரும் வாடிக்கையாளர்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். உள்ளே இருக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க, பேப்பர் தீர்ந்துபோச்சுன்னு. வெளியே இருக்கிறவர்கிட்டச் சொல்லுங்க, அலமாரியில இருக்குன்னு. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு இளைஞன் இரண்டு பக்கமும் தகவல் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், படத்தில் அசப்பில் கிழவனாக விழுந்தான்.

அப்புறம் ஒரு காலையில் அவள் வந்தபோது, கண்ணாடிப் பெட்டியில் செருப்பு திரும்ப வந்திருந்தது. மணல் மணல் நிறத்திலேயே இருந்தது. அவர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போய் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தாள். சமாதானம் அவ்வளவுதான்.

ஆனால் அவர் சொன்ன சொல் அவளுக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த முகத்திலும் கை வைப்பதற்கு முன்னால், ஆளைப் பின்னறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தாள்: இதை எடுக்கணுமா, இருக்கட்டுமா? பெரும்பாலோர் எடுத்துடுங்க என்றார்கள். சிலர் இன்னும் இரண்டு மூன்று இடத்தைத் தாங்களாகவே காட்டினார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், எடுக்கிறது இருக்கட்டும், கொஞ்சம் வைக்க முடியுமா என்று கேட்டார். வங்கிக் காவலாளி ஒருவர் மட்டும் மூக்கின்மேல் இருந்த மச்சத்தைக் கையால் பொத்திக்கொண்டார். இதை எடுத்துட்டா என் வீட்டுக்காரி என்னை உள்ளே விடமாட்டா என்றார். கன்னத்தில் தழும்போடு வந்த ஒரு பெண், வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கட்டும்க்கா, அது இல்லாம நான் யாரோ மாதிரி இருக்கேன்" என்றாள். டச்சப் அக்காவுக்கு அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது. வேலை குறைந்ததுகூட ஒரு காரணமாக இருக்கலாம்.

கணவருக்கு ஒரு தங்கை. பஸ் ஓட்டுகிறாள். ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பும் வண்டி. குரல், ஹாரனே தேவைப்படாத குரல். கண்ணாடிப் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்ததும், அண்ணி, கரையில உக்காந்து ஓரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு இருக்கீங்க, மேல வந்து முழுசாப் பாருங்க என்றாள். மலைப்பாதையில் ஒரு வளைவில் குடா மொத்தமும் தட்டில் வைத்ததுபோலத் தெரியுமாம்.

ஒரு விடுமுறை நாளில் அவளுடைய பஸ்ஸில் ஏறிப் போனாள். வளைவு வந்தது, போயிற்று. ஒரு கண்ணிமைப்புதான். ஆனால் அந்த இமைப்புக்குள் அவள் பார்த்துவிட்டாள். குடாவின் வாயில் ஒரு பாறைத் தீவு நிற்கிறது. வெளியிலிருந்து வரும் அலை அதில் மோதி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, பின்னால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போகிறது. தண்ணீரில் கட்டம் கட்டமாக, சாய்வான கட்டங்கள். கட்டம் போட்ட சட்டைத் துணியைக் கடல்மேல் விரித்ததுபோல.

"நிறுத்து, நிறுத்து" என்றாள்.

"வளைவுல நிறுத்தினா என் வேலையை நிறுத்திடுவாங்க அண்ணி."

அதற்கப்புறம் அவளுக்கு அந்தக் கட்டம்தான் நினைப்பு. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வளைவு வரைக்கும் நடந்து இறங்கி வந்து பார்த்தாள். உச்சி வெயிலில் நிழலே இல்லாததால் கடல் தகரத் தட்டாகப் பளபளத்தது. கட்டத்தைக் காணோம். இன்னொரு தடவை போனாள். காற்று அடித்துக் கோட்டை எல்லாம் கலைத்துப் போட்டிருந்தது. அதிகாலை வெயிலும் வேண்டும், காற்றும் சும்மா இருக்க வேண்டும், தண்ணீரும் வற்றி இருக்க வேண்டும். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் ஸ்டூலில் உட்கார வைப்பது எப்படி என்று கணவரிடம் புலம்பினாள். குடும்பப் படத்துக்கு வரும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு அவர் ஆறுதலாகத் தலையாட்டினார். அடுத்த தடவை நானும் வருகிறேன் என்றார்.

வந்தார். கேமராவை நிறுத்தும் முக்காலி, குடை, ஃபிளாஸ்க், ஸ்டுடியோவின் நல்ல நீள லென்ஸ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தார். முதல் பஸ்ஸில் மேலே போய், வளைவு வரைக்கும் நடந்து இறங்கினார்கள். இறங்கின இடத்தில் கடல் இல்லை, மலை இல்லை, ரோடே பாதிதான் இருந்தது. அப்படி ஒரு மூடுபனி. எதிரே நிற்கும் கணவரின் மூக்கு மட்டும் தெரிந்தது. காத்திருந்தார்கள். டீ தீர்ந்தது. அவர் தும்ம ஆரம்பித்தார். தும்மல் மலையில் எதிரொலித்துத் திரும்பி வந்தது. கடைசியில் அவளே, வாங்க போகலாம், இன்னைக்கு இது கண்ணைத் திறக்காது என்றாள். மறுபடியும் மேலே ஏறி, கடைசி நிறுத்தத்தில் காத்திருந்து, தங்கையின் பஸ்ஸிலேயே கீழே கிளம்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெளியே பார்க்கக்கூட இல்லை.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. போர்வையை யாரோ ஒரு முனையில் பிடித்து இழுத்ததுபோல வெள்ளை விலகிக்கொண்டே போனது. கீழே குடா. சாய்ந்த வெயில். காற்று மூச்சே விடவில்லை. பாறையைச் சுற்றி வந்த இரண்டு பக்க அலையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கரை வரைக்கும் கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நிறுத்து என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. முன்னால் இருந்த கண்ணாடியில் தங்கை அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பஸ் மெதுவானது. வளைவைத் தாண்டி, ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டி நின்றது.

"இன்ஜின் சூடாகியிருக்கு" என்று தங்கை பின்பக்கம் திரும்பி அறிவித்தாள். "எல்லாரும் கொஞ்சம் இறங்கிக் காத்து வாங்கிக்கோங்க."

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். காய்கறிக் கூடையோடு போன அம்மாள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இரவு வேலை முடித்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்த இரண்டு ஆட்கள், இன்னும் சிலர். டச்சப் அக்கா எல்லோருக்கும் முன்னால் தடுப்புக் கம்பியோரம் போய் நின்றாள். கணவர் மூச்சு வாங்கக் கேமராவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். எடுக்கப் போகிறார்களா இல்லையா என்று வாத்தியார் கேட்டார்.

"முதல்ல கண்ணால பாக்கணும். டாக்டர் உத்தரவு" என்றார் கணவர், தன் பங்குக்கு ஒரு அதிகாரத்தோடு.

பிறகுதான் கேமராவை வாங்கினாள். கம்பிக்கு மேலே அவள் சாய, கணவர் அவள் தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டார். முகம் சிவந்து கண்ணில் நீர் வர அடக்கிக்கொண்டார். அவர் அவளுக்காகச் செய்த காரியங்களிலேயே பெரியது அதுதான் என்று அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொல்வாள். அவசரப்படாமல் எடுத்தாள். குடா முழுவதையும் ஒன்று. கட்டங்கள் மட்டும் தெரிய ஒன்று. கட்டங்களுக்கு நடுவே ஒரு மீன்பிடிப் படகு ஊர்ந்து, தன் பின்னால் ஒரு நேர்கோட்டை இழுத்துக்கொண்டு போனது. பழைய ஆளாக இருந்தால் அது போய்த் தொலையட்டும் என்று காத்திருப்பாள். இன்றைக்கு, அது கட்டத்தின் நடுவுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.

அதற்குள் பயணிகள் எல்லோரும் கம்பியோரம் வரிசையாக நின்றுவிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த இருவரும் நன்றாக விழித்துக்கொண்டிருந்தார்கள். காய்கறி அம்மாள்தான் கடைசியில் டிரைவரிடம் திரும்பி, தினமும் இந்த வழியாகத்தானே போகிறோம், இது எப்பவும் இங்கேதான் இருக்கிறதா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

"நான் ரோட்டைப் பாத்து ஓட்டுறவம்மா. கடலைப் பாத்து ஓட்டினா நீங்க எல்லாரும் கடல்லதான் இறங்கணும்."

இன்ஜின் நிஜமாகவே சூடாகியிருந்ததா என்று அவள் நாத்தனாரிடம் பிறகு பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். அதை இன்ஜின்கிட்டத்தான் கேக்கணும் அண்ணி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

படகு நடுவில் வரும் அந்தப் படத்தை ஆளுயரத்துக்கு அச்சுப் போட்டார்கள். ஸ்டுடியோக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. வீட்டில் மாட்டப் போனால் ஜன்னலை மறைத்தது. நாத்தனார்தான், எங்க டிப்போ ஓய்வறையில ஒரு பெரிய சுவர் சும்மா கிடக்கு என்று சொல்லி, தன் பஸ்ஸின் பின்கதவு வழியாக அதை ஏற்றிக்கொண்டு போனாள். டச்சப் அக்காவுக்கு ஆளனுப்பியபோது மாட்டி முடித்திருந்தார்கள்.

கணவனும் மனைவியும் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர்க் கேனுக்கு மேலே, குழல்விளக்கின் வெளிச்சத்தில், நீளமும் அகலமுமாகப் படம் நின்றது. தலைகீழாக. கீழே ஏழெட்டு டிரைவர்கள் டீக் கோப்பையோடு நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அது உழுது போட்ட வயல், மேலிருந்து எடுத்தது என்றார். இன்னொருவர் துணி, பெஞ்சுமேல் விரித்த துணி, அந்தப் படகு மாதிரி தெரிகிறதே அது ஊசி என்று அடித்துச் சொன்னார். கடல்தான் அது என்று சொன்னவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கணவர் பொறுக்க முடியாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும்ங்க. அப்புறமா அந்தப் பக்கம் திருப்பிக்கலாம். எந்தப் பக்கம் பாத்தாலும் கட்டம் சரியாத்தான் வருது."

அவர் ஸ்டூல்மேல் பாதி ஏறின நிலையில் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இறங்கிவிட்டார். டிரைவர்கள் அவர்களுக்கும் டீ கொடுத்து, வழக்கைத் தீர்த்துவைக்கச் சொன்னார்கள். அவள் வயல்காரர் பக்கமும் தலையாட்டினாள், துணிக்காரர் பக்கமும் தலையாட்டினாள். டீயைக் குடித்துக்கொண்டே, வடக்குப் பாதையில் போகும் பஸ் எங்கெங்கே நிற்கும், அந்தப் பக்கம் மணல்மேடு ஒன்று இருப்பதாகச் சொன்னார்களே, அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று பக்கத்தில் நின்ற டிரைவரிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.